இரும்பு தோசைக்கல் பழக்குவது, துரு எடுப்பது, அரிவாள்மனை தீட்டுவது: இரும்புக் கேள்விகள் எல்லாம் இந்த இழையில்

மாசிவீதி எழுதியது:

புதிதாக வாங்கிய 12 அங்குல வார்ப்பிரும்பு தோசைக்கல். பழக்கியாயிற்று, அப்படியே சுடலாம் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். தோசை பிய்ந்துதான் வருகிறது. வடிகஞ்சியில் ஊறப்போட்டு, நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தும் பயனில்லை. இப்போது கல்லின் மேல் விரல் வைத்தால் ஒட்டுகிற மாதிரி பழுப்பாக ஒரு பிசுக்கு, ஓரத்தில் செந்துரு. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? தகட்டுக் கல்லே வாங்கியிருக்கலாமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

அடுப்பங்கரை எழுதியது:

விரலில் ஒட்டுகிறது என்று எழுதினீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. எண்ணெய் அதிகம், சூடு போதவில்லை.

எண்ணெய் இரும்புக்குள் ஊறிப்போவதில்லை. இரும்பின் மேல் மெல்லிசாகப் பரவிய எண்ணெய், நல்ல சூட்டில் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி, கெட்டியான கறுப்புப் படலமாக மாறுகிறது. பழக்குவது என்பது இதுதான். எண்ணெய் தடிமனாக நின்றால் மேல்தோல் மட்டும் இறுகும், அடியில் பாதி காய்ந்த எண்ணெய் பசையாக நிற்கும். அந்தப் பசையில்தான் மாவு பிடித்துக்கொள்கிறது. ராத்திரி முழுக்க ஊற்றி வைப்பதால் எதுவும் நடக்காது, சூடு இல்லாமல் படலம் கிடையாது.

முதலில் இருப்பதை எடுங்கள். கல்லில் தண்ணீர் நிற்கும் அளவுக்குக் குழிவு இருந்தால் அதிலேயே, இல்லையென்றால் அகலமான பாத்திரத்தில், 1 லிட்டர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி வாஷிங் சோடா (சமையல் சோடா அல்ல) போட்டு 15 நிமிடம் கொதிக்க விடுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், வாஷிங் சோடா அதை அரிக்கும். ஆறியதும் கையுறை போட்டுக்கொண்டு இரும்பு நாரால் தேயுங்கள். பிசுக்கு வழுவழுவென்று கழன்று வரும். சாம்பல் நிற இரும்பு தெரிந்தால் போதும், பளபளப்பு தேவையில்லை. பாத்திரம் கழுவும் சோப்பால் ஒரு முறை கழுவி, துணியால் துடைத்து, உடனே அடுப்பில் வைத்து 5 நிமிடம் காய வையுங்கள். இந்த இடத்தில் 10 நிமிடம் தாமதித்தால்கூட செந்துரு பூத்துவிடும்.

இனிப் பழக்குவது. கல் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது அரை டீஸ்பூன் எண்ணெய். 12 அங்குலத்துக்கு அது போதும். மேல், ஓரம், அடி, கைப்பிடி எங்கும் தடவி, பிறகு வேறொரு காய்ந்த பருத்தித் துணியால், தடவியதையெல்லாம் எடுத்துவிடப் போகிறோம் என்ற எண்ணத்தோடு அழுத்தித் துடையுங்கள். பார்த்தால் எண்ணெய் இருப்பதே தெரியக்கூடாது. பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு, மிதமான தீயில் தொடங்கி ஏற்றுங்கள். புகை வரும். புகை அடங்குகிற வரை விட வேண்டும், 10 முதல் 15 நிமிடம் ஆகும். வீட்டில் பெரிய ஓவன் இருந்தால் கவிழ்த்து வைத்து 230 டிகிரியில் 1 மணி நேரம். இது ஒரு பூச்சு. இப்படி 4 முதல் 6 பூச்சு. ஒரே நாளில் செய்யலாம், நாலு நாளாகவும் செய்யலாம். ஒவ்வொரு பூச்சுக்கும் துடைத்து எடுக்கும் வேலையில் மட்டும் குறை வைக்காதீர்கள்.

எந்த எண்ணெய் என்பதற்கு அயோடின் எண் ஒரு நல்ல வழிகாட்டி. அது கூடினால் படலம் வேகமாக இறுகும். ஆளிவிதை எண்ணெய் 170க்கு மேல், சூரியகாந்தி 130 சுமார், நல்லெண்ணெய் 110 சுமார், கடலை எண்ணெய் 90 சுமார், தேங்காய் எண்ணெய் வெறும் 8 முதல் 10. ஆளிவிதையில் படலம் கண்ணாடி மாதிரி கெட்டியாக வரும், ஆனால் சில மாதத்தில் செதில் செதிலாக உரியும். என் தேர்வு நல்லெண்ணெய் அல்லது சூரியகாந்தி. தேங்காய் எண்ணெயில் பழக்க முயல்வது வீண்வேலை. தினமும் சுட்டு முடித்த பிறகு மேலே துடைத்து வைக்க அது பரவாயில்லை.

கழுநீர்ப்பானை எழுதியது:

அடுப்பங்கரை சொன்னது சரி. ஆனால் கஞ்சியை அப்படியே தள்ளிவிட வேண்டாம், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

வடிகஞ்சியோ அரிசி கழுவிய தண்ணீரோ ஒரு நாள் இருந்தால் புளிக்கும். அந்தப் புளிப்பு இரும்பின் மேலிருக்கிற வார்ப்புத் தூசி, கறுப்புச் செதில், லேசான துரு எல்லாவற்றையும் தளர்த்தி இறக்கும். அதனால்தான் ஊறப்போட்ட தண்ணீர் கன்னங்கரேலென்று ஆகிறது. எனவே கஞ்சி சுத்தம் செய்யும் பொருள், பழக்கும் பொருள் அல்ல. தினமும் தண்ணீரை மாற்றி, நாரால் தேய்த்து, மூன்றாம் நாள் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் போனால் புளிப்பு நல்ல இரும்பையே தின்னத் தொடங்கும். கல் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும், பாதி வெளியே நின்றால் நீர்மட்டத்தில் கோடு போட்ட மாதிரி துரு பிடிக்கும்.

கஞ்சிக்குப் பிறகு கழுவிச் சூடு காட்டி எண்ணெய்ப் பூச்சு. வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி முள்கரண்டியில் குத்தித் தேய்ப்பதில் மந்திரம் ஒன்றுமில்லை. எண்ணெயை மெல்லிசாக எங்கும் பரப்ப அதைவிட நல்ல கருவி கிடையாது, அவ்வளவுதான். சீறுகிற சத்தத்தில் கல்லின் சூடும் தெரிந்துவிடும்.

பழக்கிய பிறகு நேராகத் தோசைக்குப் போக வேண்டாம். முதலில் இரண்டு மூன்று தடவை தாராள எண்ணெயில் வெங்காயம் வதக்குங்கள், அடை ஊற்றுங்கள். மெல்லிய தோசை கடைசியில்.

மாசிவீதி எழுதியது:

நன்றி. சோடா போட்டு எடுத்துவிட்டுத் தொடங்குகிறேன். வார்ப்பா தகடா என்பதற்கும் யாராவது சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் தகட்டுக் கல் நடுவில் வீங்கி, எண்ணெய் எல்லாம் ஓரத்துக்கு ஓடுகிறது.

சம்மட்டி எழுதியது:

இரண்டுமே இரும்புதான், ஆனால் குணம் வேறு.

வார்ப்பிரும்பில் கார்பன் 2 முதல் 4 விழுக்காடு. கார்பன் ஏற ஏற உருகுநிலை இறங்கும். சுத்த இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும், வார்ப்பிரும்புக்கு 1150 முதல் 1200 போதும். அதனால் மணல் அச்சில் ஊற்றி வார்க்க முடிகிறது. அதே கார்பன்தான் அதை நொறுங்கவும் வைக்கிறது. சிமெண்டுத் தரையில் விழுந்தால் உடையும், காய்ந்த கல்லைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் கீறல் விடும். தகட்டுக் கல்லில் கார்பன் கால் விழுக்காடுகூட இருக்காது. விழுந்தால் உடையாது, ஆனால் வளையும்.

தகடு ஏன் வீங்குகிறது? அடுப்பு நடுவில் மட்டும் எரிகிறது. நடு விரிகிறது, ஓரம் குளிர்ந்து விறைப்பாக நிற்கிறது, விரிகிற இரும்புக்குப் போக இடம் இல்லாமல் மேலேயோ கீழேயோ எழும்புகிறது. மெல்லிய தகடும் முழுத்தீயும் சேர்ந்தால் உறுதியாக நடக்கும். தகடு 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தோசைக்கு வாங்காதீர்கள். வீங்கியதைச் சரிசெய்யலாம்: கவிழ்த்து, சமமான கட்டையின் மேல் வைத்து, மரச்சுத்தியலால் வீங்கிய இடத்தைச் சுற்றிலிருந்து நடுவை நோக்கித் தட்ட வேண்டும். இரும்புச் சுத்தியலால் நேராக நடுவில் அடித்தால் தகடு இன்னும் நீண்டு, வீக்கம் கூடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. கல்லைக் கைப்பிடியில் தூக்கிப் பிடித்து, விரல் முட்டியால் தட்டுங்கள். வார்ப்பு முழுசாக இருந்தால் ணங்கென்று நீண்டு ஒலிக்கும், மயிரிழைக் கீறல் இருந்தாலும் டப்பென்று அடங்கிவிடும். அளவுகோலை விளிம்பில் நிறுத்தி வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தோசைக்கல்லுக்கு நடுவில் இம்மி குழிவு நல்லது, மேடு கூடாது. கறுப்பாகப் பளபளத்தால் எண்ணெய் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள், சாயம் இறங்கினால் அது பூச்சு. அதைச் சுரண்டி எடுக்காமல் சமைக்கக் கூடாது. காந்தத்தை வைத்துப் பார்ப்பதால் பயன் இல்லை, இரண்டிலும் ஒட்டும்.

மணல் வார்ப்பு சொரசொரப்பாக இருந்தால் 80ஆம் நம்பர் உப்புத்தாள், பிறகு 120. அங்கே நிறுத்துங்கள். கண்ணாடியாக இழைத்துவிட்டால் எண்ணெய்ப் படலத்துக்குப் பிடிமானம் இல்லாமல் உரிந்துவிடும்.

தோசை தினமும் சுடுகிற வீட்டுக்கு என் ஓட்டு வார்ப்புக்கு. கனம் இருக்கிறது, சூடு ஏற நேரம் ஆகிறது, ஆனால் மாவு ஊற்றியதும் சூடு இறங்காது. ஒன்று, இரண்டு பேருக்குச் சட்டென்று முடிக்க வேண்டும் என்றால் 3 மில்லி தகடு.

நெல்லிமரம் எழுதியது:

இரும்புச் சட்டியில் சமைத்தால் ரத்தசோகை போகும் என்கிறார்கள். உண்மையா? தோசைக்கல்லும் அதற்குக் கணக்கா?

அடுப்பங்கரை எழுதியது:

சமையலில் இரும்பு இறங்குவது உண்மை. எவ்வளவு இறங்கும் என்பது மூன்றைப் பொறுத்தது: புளிப்பு, ஈரம், நேரம். தக்காளித் தொக்கை இரும்புச் சட்டியில் அரை மணி நேரம் கொதிக்க வைத்தால் நிறைய இறங்கும். தோசை இரண்டு நிமிடம் இருக்கிறது, அதுவும் எண்ணெய்ப் படலத்துக்கு மேல். நன்றாகப் பழகிய கல்லிலிருந்து வருவது சொற்பம்.

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020 பரிந்துரைப்படி நாளொன்றுக்குத் தேவையான இரும்புச்சத்து ஆணுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29. பாத்திரத்திலிருந்து வருவதும் கீரையிலிருந்து வருவதும் உடலில் எளிதில் சேராத வகை. எலுமிச்சை, நெல்லிக்காய் கூட இருந்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு குடிக்கிற டீயும் காப்பியும் அதைத் தடுக்கும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ரத்தசோகை என்று மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் சட்டியை நம்பி அதை நிறுத்தக் கூடாது. தலசீமியா போல உடலில் இரும்பு தேங்குகிற நோய் உள்ளவர்கள் இரும்புச் சட்டியில் புளிப்புச் சமையலே வேண்டாம்.

புளிக்குழம்பு, ரசம், மோர்க்குழம்பு மூன்றும் இரும்புக்கு ஆகாது. உடல்நலக் காரணம் இருக்கட்டும், பழக்கிய படலத்தை ஒரே கொதியில் அரித்துவிடும். வத்தல், புளி சேர்க்காத பொரியல், கருணைக்கிழங்கு வறுவல், அப்பளம் எல்லாம் தாராளமாகச் செய்யலாம். சமைத்ததை அதிலேயே விட்டுவைக்காமல் உடனே மாற்றிவிடுங்கள்.

வாழைத்தோப்பு எழுதியது:

அரிவாள்மனையில் வாழைப்பூ, வாழைக்காய், கத்தரிக்காய் நறுக்கினால் கையும் காயும் கறுக்கிறதே, அதுவும் இரும்பு இறங்குவதுதானா? மோரில் போட்டால் ஏன் கறுப்பதில்லை?

சாயத்தொட்டி எழுதியது:

இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன, அதனால் குழப்பம் வருகிறது.

ஒன்று, நறுக்கிய இடத்தில் காற்றுப் பட்டதும் காயிலுள்ள நொதி துவர்ப்புப் பொருளை மாற்றிப் பழுப்பாக்குகிறது. எவர்சில்வர் கத்தியில் நறுக்கினாலும் இது உண்டு. மோரின் புளிப்பு இந்த நொதியை மட்டுப்படுத்துகிறது, மூழ்கியிருப்பதால் காற்றும் படுவதில்லை. இரண்டு, காயின் துவர்ப்பு, அதாவது டானின், இரும்போடு சேர்ந்து நீலக்கறுப்பாகிறது. இது இரும்பில் மட்டும்தான். விரலில் நாள்கணக்கில் நிற்கிற கறுப்பில் இதற்கும் பங்கு உண்டு. கையிலும் அலகிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குங்கள், கறை பிடித்தால் எலுமிச்சையோ புளியோ வைத்துத் தேயுங்கள். அலகைத் துருவோடு வைத்திருந்தால் கறுப்பு இரட்டிப்பாகும். வாழைப்பூவுக்கென்று எவர்சில்வர் கத்தி வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

அடுப்பங்கரையில் கறையாகத் தொல்லை தருகிற இதே சேர்க்கைதான் காளஹஸ்தி கலம்காரித் துணியின் கறுப்புக் கோடு. செய்முறையை எழுதுகிறேன், யாராவது வீட்டில் முயலலாம்.

துருப்பிடித்த ஆணி, லாடத் துண்டு, கம்பித் துண்டு எதுவானாலும் சரி. பெயின்டும் எண்ணெயும் இருக்கக் கூடாது, முலாம் பூசிய ஆணியும் ஆகாது. தீயில் சுட்டுத் தட்டி, உதிர்கிற துருவை நீக்குங்கள். மண்பானையில் 1 லிட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ இரும்பு, 100 கிராம் வெல்லம் அல்லது கருப்பட்டி. வாயைத் துணியால் கட்டி வெயில் படாத இடத்தில் வைத்து, தினமும் கிளறுங்கள். இறுக மூடினால் வாயு அடைபட்டுப் பொங்கும். வெல்லம் நொதித்துப் புளிக்காடியாகி, அது இரும்பைக் கரைக்கிறது. கோடையில் இரண்டு வாரம், மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு மேலும் ஆகும். குமிழி அடங்கியதும் வடிகட்டுங்கள்.

பார்த்தால் கறுப்பாக இருக்காது, கலங்கிய பழுப்பு நீர் மாதிரித்தான் இருக்கும். வெறும் துணியில் தொட்டு வைத்தால் துருக்கறைதான் கிடைக்கும். துணி முதலில் கடுக்காய்ப் பொடி கலந்த பாலில் நனைந்து காய்ந்திருக்க வேண்டும். கடுக்காய் டானினைத் தருகிறது, பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கிறது. அந்தத் துணியில் மூங்கில் எழுதுகோலால் இழுத்தால் கோடு கண்ணெதிரே கறுக்கும். கோடு விளிம்பில் பிசிறடித்தால் பால் போதவில்லை. சாம்பல் நிறத்தில் நின்றுவிட்டால் கடுக்காய் போதவில்லை அல்லது நொதிப்பு முடியவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. இரும்பு நீர் கடுமையாக இருந்தால் சில ஆண்டுகளில் கறுப்புக் கோடு போன இடத்தில் மட்டும் நூல் இற்றுவிடும். இரும்பு, பருத்தி நாரையே மெல்ல அரிக்கும். பழைய துணிகளில் உருவத்தின் நிறங்கள் அப்படியே இருக்க, வெளிக்கோடு மட்டும் கிழிந்து ஓட்டையாக நிற்பதைப் பார்க்கலாம். கோடு போட்டு நன்றாகக் காய்ந்ததும் ஓடுகிற நீரில் அலசி எஞ்சிய இரும்பை வெளியேற்ற வேண்டும்.

கடுக்காயும் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) சேர்த்துச் செய்கிற எழுது மைக்கும் இதே நோய்தான், காகிதத்தை அரிக்கும். ஓலைச்சுவடிக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே இரும்பு எழுத்தாணி ஓலையைக் கீறுவதோடு சரி, கீறலை நிரப்புவது விளக்குக்கரி. கரி எதையும் அரிப்பதில்லை.

பருத்தித்துறைக் காற்று எழுதியது:

கடற்கரையிலை இருக்கிற எங்களுக்கு இதுகளைவிடக் கறல்தான் (துரு) பெரிய பிரச்சினை. தாச்சியை (இரும்புச் சட்டி) எண்ணெய் பூசி வைச்சாலும் நாலு நாளிலை கறல் வருது. யன்னல் கம்பி ஒவ்வொரு வருசமும் பெயின்ற் அடிச்சும் நிக்குதில்லை. கத்தி, தேங்காய் திருவலை எல்லாத்துக்கும் சேர்த்து வழி சொல்லுங்கோ.

சம்மட்டி எழுதியது:

கடற்காற்றில் வருகிற உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் எப்போதும் ஈரமாக வைத்திருக்கிறது. மின்சாரம் கடத்துகிற ஈரம் அது, அதனால் துரு விரைந்து ஓடும். வெறும் எண்ணெய் போதாமல் போவதற்குக் காரணம், ஏற்கெனவே படிந்த உப்பின் மேல் எண்ணெய் தடவுவதுதான். முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, சூடு காட்டி, அந்தச் சூட்டோடு எண்ணெய் தடவுங்கள். தாச்சியைக் காகிதத்தில் சுற்றி மூடிய அலமாரியில் வையுங்கள், சுவரில் மாட்டாதீர்கள்.

பிடித்த கறலை எடுக்க: வினிகரும் தண்ணீரும் சம அளவு, அல்லது கெட்டியான புளிக்கரைசல். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மறந்துபோய் ஒரு நாள் விட்டால் நல்ல இரும்பில் குழி விழும். முடிந்ததும் சமையல் சோடா கலந்த நீரில் அலசினால் புளிப்பு தங்காது. உடனே சூடு, உடனே எண்ணெய். திருவலையின் பல்லை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், கூர் போய்விடும். பழைய பல்துலக்கியே போதும்.

யன்னல் கம்பியில் பெயின்ட் நிற்காததற்கு நூற்றுக்குத் தொண்ணூறு காரணம், துருவின் மேல் பூசுவது. கம்பித் தூரிகையும் உப்புத்தாளும் வைத்து உலோகம் தெரியும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, வெயிலில் காயவிட்டு, அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு பூச்சு. மறுநாள் இன்னொன்று. அதற்கு மேல் எனாமல் இரண்டு. ராத்திரி பனியில் ஒரு முறை நனைந்தால் தேய்த்த வேலை முழுக்க வீண். தேய்க்க முடியாத சந்துகளுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி கிடைக்கிறது. எங்கே முதலில் உரிகிறது என்று கவனியுங்கள்: பற்றவைத்த மூட்டு, கம்பி சுவருக்குள் நுழைகிற இடம், சட்டத்தின் கீழ்மூலை. தண்ணீர் தேங்குகிற மூலையில் ஒரு சிறு துளை போட்டு வடியவிட்டால் பெயின்ட்டின் ஆயுள் கூடும்.

கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பியையும் இதோடு சேர்த்து நினையுங்கள். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து விழுகிறது. ஐஎஸ் 456 தரப்படி கம்பிக்கு மேல் இருக்க வேண்டிய கான்கிரீட் மூடல் சாதாரண இடத்தில் 20 மில்லிமீட்டர், கடற்கரையில் 45. பெயர்ந்த இடத்தைத் துரு எடுக்காமல் சிமெண்ட் வைத்து அடைத்தால் உள்ளே அரிப்பு தொடரும்.

கல்வெட்டு எழுதியது:

இவ்வளவு பாடு இந்தக் காலத்து இரும்புக்குத்தான். டெல்லி இரும்புத்தூண் 1600 ஆண்டாகத் துருப்பிடிக்காமல் நிற்கிறது. நம் முன்னோர் செய்த இரும்பு துருப்பிடிக்காது.

சம்மட்டி எழுதியது:

ஐயா, அந்தத் தூணின் மேல் எனக்கும் பெரும் மதிப்பு உண்டு, ஆனால் காரணத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். 7 மீட்டருக்கு மேல் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை, குப்தர் காலத்துப் பட்டறை வேலை. கரியில் உருக்கிய அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். இன்றைய எஃகில் நொறுங்கும் என்பதால் பாஸ்பரஸை ஒரு விழுக்காட்டிலேயே நூற்றில் சில பங்குக்குள் ஒடுக்கிவிடுகிறோம். அந்தப் பாஸ்பரஸ், டெல்லியின் நனைந்தும் காய்ந்தும் மாறிவருகிற வானிலையில், மேலே ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கியிருக்கிறது. கான்பூர் ஐஐடி பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் இதை விரிவாக ஆராய்ந்து விளக்கினார். தூணைக் கடற்கரையில் நட்டிருந்தால் கதை வேறு. பழைய இரும்பு எல்லாம் துருப்பிடிக்காது என்றால் ஆதிச்சநல்லூரிலும் கொடுமணலிலும் கிடைத்த வாளும் கத்தியும் துருக்கட்டிகளாக வந்திருக்க மாட்டா.

முன்னோர் பெருமை பேச அதைவிட நல்ல சான்று கொடுமணலில் இருக்கிறது: இரும்பு உருக்கிய உலைகள், எஃகு செய்த மூசைகள் (உலோகம் உருக்குகிற மண்குடுவைகள்). சிவகளையில் கிடைத்தவற்றின் காலம் கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டுக்குப் போவதாக 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

கல்வெட்டு எழுதியது:

பாஸ்பரஸ் விளக்கத்துக்கு நன்றி. ஏற்கிறேன். இரும்பு உண்ட நீரை மீட்க முடியாது என்று, பறிபோன ஒரு கோட்டையைப் பற்றிப் புறநானூற்றின் 21ஆம் பாட்டில் வருகிறது. செந்தீயில் காய்ந்த இரும்பின் மேல் தெளித்த நீர் ஆவியாகிப் போவதைக் கொல்லன் பட்டறையில் நேரில் பார்த்தவர்தான் அப்படி எழுத முடியும். அந்தத் தோய்க்கிற வேலையைப் பற்றி எழுதுங்களேன். திருப்பாச்சி அரிவாளுக்கும் சாதாரணக் கத்திக்கும் வேறுபாடு அங்கேதானே?

சம்மட்டி எழுதியது:

அங்கேதான். இப்போது பெரும்பாலான அரிவாள் லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து வருகிறது. அதில் கார்பன் அரை விழுக்காட்டுக்கு மேல், தோய்த்தால் கடினமாகும். கட்டடக் கம்பியையோ கேட் பட்டையையோ எவ்வளவு தோய்த்தாலும் கூர் நிற்காது, கார்பன் இல்லை. எது எதென்று தெரியாவிட்டால் சாணைக் கல்லில் பிடித்துப் பாருங்கள். கார்பன் குறைந்த இரும்பு நீளமான, கிளைக்காத பொறி விடும். கார்பன் கூடியது பூவாக வெடிக்கும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாக, செம்மங்கலாக இருக்கும்.

அடித்து வடிவம் கொண்டுவந்த பிறகு, உலையில் சிவக்கக் காய்ச்சுங்கள். காந்தம் ஒட்டாமல் போகிற நிலை 770 டிகிரி. அதற்கும் மேலே கொஞ்சம், செர்ரிச் சிவப்பு தாண்டி ஆரஞ்சு எட்டுகிற இடத்தில் எடுக்க வேண்டும். நிறத்தை நிழலில்தான் பார்க்க முடியும், வெயிலில் பார்த்தால் அதிகம் காய்ந்துபோகும். அதிகம் காய்ந்தால் இரும்புக்குள் இருக்கிற படிக மணி பருத்து, முதல் வெட்டில் வாய் உடையும். ஸ்பிரிங் பட்டையை எண்ணெயில் தோய்ப்பது பாதுகாப்பு, எண்ணெயை முன்கூட்டி 50, 60 டிகிரிக்குச் சூடாக்கி வைத்தால் சீராகக் குளிரும். தண்ணீரில் முழுசாக முக்கினால் கீறல் விட வாய்ப்பு அதிகம். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் வாய்ப்பகுதியை மட்டும் காட்டி, முதுகை மென்மையாக விடுகிறார்கள்.

தோய்த்த கையோடு வேலை முடியவில்லை. அந்த நிலையில் அலகு கடினம், ஆனால் கண்ணாடி போல் உடையும். ஒரு பக்கம் தேய்த்து வெளுப்பாக்கி, முதுகுப் பக்கமிருந்து மெல்லச் சூடேற்றினால் நிறம் நகர்ந்து வரும்: வெளிர் வைக்கோல் 220 சுமார், பழுப்பு 250, ஊதா 280, நீலம் 300. வாய்க்கு வைக்கோல் நிறம் வந்தால் கத்திக்கு ஏற்ற பதம். மரம் வெட்டுகிற அரிவாளுக்குப் பழுப்பும் ஊதாவும் சேர்கிற இடம். முள் வெட்டப் போகிறவனுக்கு வைக்கோல் பதத்தில் கொடுத்தால் கணுவில் பட்டதும் சில்லு பெயரும்.

வீட்டில் நடக்கிற தவறு சாணையில். மின்சாணையில் அழுத்திப் பிடிக்கும்போது வாய் நீலமாகிவிட்டால் அந்த இடத்தில் பதம் போயிற்று, மறுபடி எத்தனை முறை தீட்டினாலும் மழுங்கும். தொட்டுத் தொட்டு எடுத்துத் தண்ணீரில் குளிர்வியுங்கள். அரிவாள்மனைக்கு மின்சாணையே வேண்டாம். 400ஆம் நம்பர் கல், பிறகு 1000. பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வு. ஒரு பக்கம் தீட்டும்போது எதிர்ப்பக்கம் நகத்தில் தட்டுப்படுகிற பிசிறு எழும், அது முழு நீளத்துக்கும் எழுந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். அலகு அடிக்கட்டையில் ஆடினால் முதலில் ஆப்பை இறுக்குங்கள், ஆடுகிற மனையில் எவ்வளவு கூர் இருந்தாலும் கை வெட்டுப்படும்.

தேன்மெழுகு எழுதியது:

வேறு வகை இரும்பு பற்றி ஒரு கேள்விக்கு இங்கே இடம் உண்டா? மோர்சிங் நாக்கில் லேசான துரு. தேய்க்கலாமா? எந்த எண்ணெய்?

நாதஇரும்பு எழுதியது:

தாராளமாகக் கேளுங்கள், கச்சேரி மேடையில் இருப்பதும் இரும்புதானே.

நாக்கை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. அதன் கனம்தான் சுருதி. நுனிப்பக்கம் குறைந்தால் சுருதி ஏறும், அடிப்பக்கம் மெலிந்தால் இறங்கும். இரண்டில் எது நடந்தாலும் திரும்பச் சேர்க்க முடியாது. மெல்லிய பருத்தித் துணியில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தொட்டு, அடியிலிருந்து நுனியை நோக்கி ஒரே திசையில் துடையுங்கள். குறுக்கே இழுத்தால் நாக்கு பக்கவாட்டில் வளைந்து, சட்டத்தின் கம்பியில் உரசி இரையும். பல்லில் வைத்து வாசிப்பதால் எந்திர எண்ணெய் வேண்டாம்.

துருவுக்குக் காரணம் எச்சில். வாசித்து முடித்ததும் துடைத்து, நாக்கைக் கவிழ்த்து வைக்காமல் மரக்கூட்டில் வையுங்கள். சுருதி இறக்க நுனி வளைவில் தேன்மெழுகு வைக்கிறீர்கள் என்றால் துடைக்கும் முன் அதை எடுத்துவிடுங்கள், மெழுகுக்கு அடியில்தான் ஈரம் தங்கித் துரு தொடங்கும். மெழுகு சுருதியை இறக்கத்தான் உதவும், ஏற்றாது. அதனால் வாங்கும்போதே தேவைக்குச் சற்று ஏறிய சுருதியில் வாங்குவது நல்லது.

மாசிவீதி எழுதியது:

சோடா, நாலு பூச்சு எல்லாம் ஆயிற்று. நடுவில் தோசை காகிதம் மாதிரி எழும்பி வருகிறது. ஓரத்தில் 2 அங்குல அகலத்துக்கு இன்னும் பழுப்பாக இருக்கிறது, அங்கே ஒட்டுகிறது. சப்பாத்தியும் இதிலேயே சுடலாமா?

அடுப்பங்கரை எழுதியது:

உங்கள் பர்னரின் தீ வட்டம் 12 அங்குலக் கல்லின் ஓரத்தை எட்டவில்லை. ஓரத்துக்குத் தனியாக இரண்டு பூச்சு கொடுங்கள்: கல்லை நகர்த்தி, ஓரம் தீயின் மேல் வருமாறு வைத்து, புகை அடங்கியதும் கால் சுற்று திருப்பி, நான்கு பக்கமும். பழுப்பு கறுப்பாக மாறினால் முடிந்தது. தினசரி சுடும்போது கல்லை 10 நிமிடம் சிறு தீயில் காயவிட்டு ஊற்றுங்கள், ஓரமும் நடுவும் ஒரே சூட்டுக்கு வரும். தெளித்த தண்ணீர் முத்தாக உருண்டோடினால் சூடு அதிகம், அப்போது ஊற்றினால் மாவு கரண்டியோடு சுருண்டு வரும். இன்னும் கொஞ்சம் தெளித்துத் துணியால் துடைத்து, சீறி அடங்குகிற சூட்டில் ஊற்றுங்கள். தெளிக்கலாம், ஊற்றக் கூடாது. மாவு குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே வேண்டாம்.

சப்பாத்திக்கு வேறு கல். அதற்குத் தேவைப்படுகிற சூடு தோசையைவிட அதிகம், எண்ணெயும் இல்லை, உதிர்கிற மாவு கருகிப் படலத்தில் ஒட்டும். மறுநாள் தோசை அந்த இடத்தில் பிடிக்கும். ஒரே கல்தான் என்றால், சப்பாத்தி முடிந்ததும் கல் சூடாக இருக்கும்போதே காய்ந்த துணியால் கருகல் மாவைத் துடைத்து, அரை டீஸ்பூன் எண்ணெயில் ஒரு பூச்சு புகைய விட்டு வையுங்கள்.